கேட்க மட்டும் வந்தவர்கள்

அமெரிக்காவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த ஏழாவது குழு அது. ஒன்பது ராபிகள், யூதர்களின் குருமார்கள். எங்களைப் போன்ற பாலஸ்தீனர்களின் கதையை நேருக்கு நேர் கேட்கிறார்களாம். அவர்களுடைய மத உணவு விதிப்படி என் பாத்திரத்தில் சமைத்ததை அவர்கள் தொடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நறுக்காத வெள்ளரிக்காயும் காகிதக் கோப்பையில் தேநீரும் வைத்தேன்.

உட்கார்ந்ததும் வழக்கம்போல ஒவ்வொருவராகச் சொன்னார்கள்: "நான் பதில் சொல்ல வரலை, கேக்க வந்திருக்கேன்." முதல் தடவை அதைக் கேட்டு நான் உருகிப்போனேன். என்னத்தைச் சொல்ல, அவ்வளவு அப்பாவியாக இருந்திருக்கிறேன்!

இந்த முறை எனக்குக் கதை சொல்லப் பொறுமை இல்லை. திங்கட்கிழமை வீட்டை இடிக்கப்போவதாக இஸ்ரேல் ராணுவம் கதவில் தாள் ஒட்டியிருந்தது. அனுமதி இல்லாமல் கட்டியதாம். கேட்டால் கொடுத்துவிடுவார்களாக்கும்! வெளிநாட்டு மதத் தலைவர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டால் நீதிமன்றம் தள்ளிவைக்கக்கூடும் என்று வக்கீல் சொன்னார். விஷயத்தைச் சொல்லிக் கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

குழுத் தலைவர் ஹால்பெர்ன் கண்ணைத் துடைத்தார். "சகோதரி, நீங்க சொன்னது நெஞ்சைப் பிசையுது."

"பிசையட்டும் ராபி. கை சும்மாதானே இருக்கு? கையெழுத்துப் போடுங்க."

"போட்டா எங்க சபைக்காரங்க அடுத்த குழுவை அனுப்பவே மாட்டாங்க. எங்க ஏற்பாடே கேக்குறது மட்டும்தான்."

துவோரா என்ற இளம் ராபி மட்டும் கடிதத்தை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள். ஹால்பெர்ன் அவளைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். அவள் கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விடு இந்திசார், விருந்தாளிங்க" என்றார் என் கணவர் ரிப்ஹி.

"விருந்தாளிங்களா? இழவு வீட்டுக்கு ஒரு நாள் முன்னாடியே வந்துட்டுப் போறாங்க!"

திங்கட்கிழமை காலை புல்டோசர் வந்தது. மெத்தைகளையும் பாத்திரங்களையும் வெளியே தூக்கிப்போட அரை மணி நேரம் கொடுத்தார்கள். பதினோரு வருடம் கல் சுமந்து கட்டிய வீடு. அன்றிலிருந்து கூடாரத்தில் இருக்கிறோம்.

நாலு மாதம் கழித்து ஹால்பெர்ன் போன் செய்தார்.

"உங்களைப் பத்தி எங்க ஜெப ஆலயத்துல ஒரு மணி நேரம் பேசினேன், சகோதரி. அழாத ஆளே இல்லை."

"வீடு போயிடுச்சு, ராபி."

"தெரியும். ரொம்ப வருத்தம். அடுத்த மாசம் புதுக் குழு வருது. முதல்ல உங்க பேரைத்தான் சொன்னாங்க. வீடு இருந்த இடத்துலயே உக்காந்து பேசினா இன்னும் மனசுல பதியும்னு தோணுது. அங்க இருபது நாற்காலி போட இடம் இருக்குமா?"

"இருக்கு ராபி," என்றேன். "இப்பத்தான் நிறைய இடம் இருக்கே."