மூன்று முறை கவிழ்ந்த அப்டேட்

பரீட்சை நாள் காலையில் மெயில் சர்வரில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் பல்கலைக்கழகத்தில் பியூனுக்குக்கூடத் தெரியும். ஆனால் பாதுகாப்பு அப்டேட்டை உடனே போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. போட்டோம். இரண்டு தடவை பாதியில் கவிழ்ந்தது, மெயிலும் செத்துவிட்டது. ஒன்பது மணிக்கு இருநூற்றுப் பதினோரு கல்லூரிகளுக்கு மெயிலில் வினாத்தாள் போயாக வேண்டும்.

"அட்மின் அனுமதி இல்லாம சும்மா கிளிக் பண்ணியிருப்பே. மண்டையில என்னடா இருக்கு, ஷிபின்?" என்று கத்தினேன்.

"இல்ல சேச்சி, அட்மினாத்தான் ஓட்டினேன். சத்தியமா."

ஷிபின் எனக்குக் கீழே சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியன். தேர்வுக் கட்டுப்பாட்டாளர் குரியாக்கோஸ் சார் போனில் கேட்டபோது, "ஷிபின் தப்பாப் போட்டுட்டான் சார்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாய் முந்தும், புத்தி பிந்தும்.

"அவனை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன். நீங்க சர்வரைப் பாருங்க லின்ஸி."

எட்டரைக்கு மூன்றாம் முறை ஓட்டினோம். அப்டேட் மெயில் சேவையை நிறுத்திவிட்டுக் கோப்புகளை மாற்றத் தொடங்கியது. சரியாக இரண்டாவது நிமிடம் சேவை தானாக எழுந்து கோப்புகளைப் பிடித்துக்கொண்டது. மறுபடி கவிழ்ந்தது.

"சேச்சி, யாரோ அதை ஸ்டார்ட் பண்றாங்க."

யாரென்று சர்வரின் பதிவேட்டில் பார்த்தேன். என் பெயர்.

போன ஓணத்துக்குச் சேவை அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. நிம்மதியாக ஓண விருந்து சாப்பிட ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்: இரண்டு நிமிடத்துக்கொரு தரம் பார், விழுந்திருந்தால் எழுப்பு. கேன்டீனில் அதைப் பற்றிப் பீற்றிக்கொண்டதும் உண்டு. ஷிபினிடம் சொல்லாமல் அந்த ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு, அப்டேட்டை இன்னொரு தரம் ஓட்டச் சொன்னேன்.

எட்டு ஐம்பத்தாறுக்கு ஷிபின் துள்ளினான். "ஏறிடுச்சு சேச்சி!"

தேங்கிய மெயில்கள் வரிசையாக நகர்ந்தன. வினாத்தாள்கள் எல்லாம் போயின. வரிசையின் கடைசியில், இன்னும் போகாமல், குரியாக்கோஸ் சாரிடமிருந்து ஷிபினுக்கு ஒன்று: 'ஒப்பந்தம் ரத்து'. அவன் பிளாஸ்க்கைத் திறந்து முதலில் எனக்குத்தான் டீ ஊற்றினான்.

அந்த ஒரு மெயிலை மட்டும் நிறுத்தினேன். மேலதிகாரியின் மெயிலில் கை வைத்தால் வேலை போகும். மாடியில் சாரின் அறைக்கு ஏறினேன்.

"சாதிச்சுட்டீங்க லின்ஸி!" என்று குரியாக்கோஸ் சார் எழுந்தே நின்றார்.

"தப்பு ஷிபின் மேல இல்ல சார். கவிழ்த்தது நான் எழுதின ஸ்கிரிப்ட். அவனுக்கு நீங்க அனுப்பின மெயிலையும் நிறுத்தி வச்சிருக்கேன்."

அவர் முகம் மாறியது. "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

"யாரையும் கேக்கல சார். அந்த மெயிலையே பேரை மாத்தி எனக்கு அனுப்புங்க."