நனையாத முன்சக்கரம்

தங்கச்சி சைக்கிளில் நாட்டையே குறுக்கே கடக்கப் போகிறாள் என்று கேட்டதும் அண்ணன் முதலில் வயிறு வலிக்கச் சிரித்தான். அப்புறம் தன் சலூன் கண்ணாடியின் மேல் விளிம்பில் சோப்புக் கட்டியால் இரண்டு அலை வரைந்தான். இடது ஓரத்தில் ஒரு கடல், வலது ஓரத்தில் ஒரு கடல், நடுவே ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வெறுங்கண்ணாடி.

"மொட்டைமாடிக்குப் போனாலே செவுத்தப் புடிச்சுக்கிட்டு நடக்கிறவ சார் இவ," என்று முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னான். "தினம் எவ்ளோ ஓட்டுறான்னு சொல்லட்டும், கோடு இழுக்கிறேன். எங்க நிக்குதுன்னு பாப்போம்."

அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. பிழைக்க வந்த ஊரில், துணி ஆல்டரேஷன் கடைக்கு மேலே இருந்த அறையில், இன்னும் இரண்டு பெண்களோடு அவள் குடியிருந்தாள். பாதிப் படி இறங்கியதும் இஸ்திரிப்பெட்டியை அணைத்தோமா என்று திரும்பி ஏறுவாள். ஏறிப் பார்த்து, இறங்கி, பூட்டை இழுத்துப் பார்க்க மறுபடி ஏறுவாள். கடைக்கு வருபவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே "சாரி" என்பாள். ஆனால் கையில் துணி வந்துவிட்டால் வேறு ஆள். கால்சட்டையின் அடி மடிப்பில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும், முழுதாகப் பிரித்து மறுபடி தைத்துத்தான் கொடுப்பாள்.

பின்பக்கம் கிழிந்த சைக்கிள் கால்சட்டையோடு ஒருநாள் ஓர் அம்மாள் கடைக்கு வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அவர் குரல் கேட்டால் தெருவில் லாரியே ஒதுங்கும்.

"சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"சாரி... சின்ன வயசுல ஓட்டினது."

"கை மறந்தாலும் கால் மறக்காது. ஞாயித்துக்கெழம வா."

அப்படித்தான் எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. குழுவில் மொத்தம் ஒன்பது பேர். அந்த அம்மாளுக்குப் பெயர் கேப்டன். இவளுக்கு ஊசி. உடம்பு பாதிக் காரணம், தொழில் மீதிக் காரணம். பன்னிலிருந்து பிஸ்கட்வரை சுட்டு விற்கும் பேக்கரிக்காரரும் இருந்தார். அவர் வயிறு அவருக்கு அரை அடி முன்னால் போகும். "நான் எப்பவும் ஜெயிப்பேன், என் வயிறு மொதல்ல கோட்டத் தொட்டுடும்," என்பது தினசரி ஜோக். கேப்டனின் கணவர், பள்ளி விடுமுறைக்குச் சும்மா நின்ற அதே வேனைப் பின்னால் ஓட்டிவர ஒப்புக்கொண்டார். கேப்டன் எல்லோருக்கும் அக்கா என்பதால் அவர் எல்லோருக்கும் மாமா.

கிளம்பும் நாள் காலை, ஒன்பது பின்சக்கரங்களையும் கடல் தண்ணீரில் நனைத்தார்கள். போய்ச்சேரும் கடலில் முன்சக்கரத்தை நனைத்தால் முடிந்தது.

"சட்டம் ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் கேப்டன். "முடியலயா, வேன்ல ஏறு. தப்பே இல்ல. ஆனா ஏறின எடத்துலயே மறுநாள் எறங்கி ஓட்டணும். நடுவுல ஒரு அடி விட்டுப்போச்சுன்னா, அது நாட்டைக் கடந்ததாகாது. வேன்ல சுத்திப் பாத்ததாத்தான் ஆகும்."

ஊசி எப்போதும் கடைசி. அதில் அவளுக்குச் சங்கடமும் இல்லை. மாலையில் தங்கும் இடத்தில் ஊசி நூலை எடுத்து, கிழிந்த கால்சட்டைகளை வரிசையாகத் தைப்பாள். பிறகு அண்ணனுக்குக் குரல் பதிவு அனுப்புவாள். "இன்னிக்கு எழுபத்தஞ்சு அண்ணா." "இன்னிக்கு எம்பத்திரண்டு, காத்து அடிச்சுத் தள்ளுச்சு." அங்கே கண்ணாடியில் கோடு நகரும். நாலாம் நாளிலிருந்து கிண்டல் நின்றது. ஆறாம் நாள் அம்மாவே பேசினாள். "முடி வெட்டிக்க வராதவங்கல்லாம் கோட்டப் பாக்க வராங்கடி."

ஏழாம் நாள்தான் வினை.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. ஊசிக்குக் காலையிலிருந்தே உடம்பு கணகணவென்று இருந்தது. மற்ற எட்டுப் பேரும் முன்னால் போய்விட்டார்கள். லாரிகளை எடைபோடும், மஞ்சள் தகரக் கூரை போட்ட எடைமேடை ஒன்று சாலையோரம் வந்தது. அதைத் தாண்டியதும் மேடு. மூன்று வளைவு, ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் செங்குத்து. எடைமேடை முன்னாலேயே அவள் கால் தரையில் ஊன்றிவிட்டது.

வேன் பக்கத்தில் வந்து நின்றது. "ஏறு கண்ணு. மழ விட்டதும் எறங்கிக்கலாம்," என்றார் மாமா.

சின்னப் பிள்ளைகள் உட்காரும் சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தவள், கண்ணை மூடித் திறந்தாள். எதிரே விடுதியின் கேட் இருந்தது. பதினோரு கிலோமீட்டர் போயே போய்விட்டது.

"கொழந்த மாதிரி தூங்கினியா, எழுப்ப மனசு வரல. அக்காகிட்ட சொல்லிடு. காலையில கொண்டுபோய் அங்கயே எறக்கி விட்டுடறேன்."

சொல்லத்தான் போனாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு நனைந்த கோழியாய் வாசலில் நின்றதும் பேக்கரிக்காரர் துண்டோடு ஓடிவந்தார். "ஏய், ஊசி வந்துட்டா! இந்த மழயில, இந்த மேட்ட ஏறி, தனியா வந்துட்டா பாருங்கய்யா!" உள்ளிருந்து கைதட்டல் கேட்டது. யாரையும் லேசில் புகழாத கேப்டன் அவள் தலையில் கை வைத்தார். அந்தக் கைக்குக் கீழே அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

அன்றைக்கு அண்ணனுக்குப் போன பதிவு: "எழுபத்தெட்டு."

காய்ச்சல் மறுநாளே விட்டது. பொய்தான் விடவில்லை. நாளுக்கு எண்பது கிலோமீட்டர் பின்னால் தள்ளிப்போன அந்த மேடு, தள்ளிப்போகப் போகக் கனத்தது. கால் இறுகியது, மூச்சு சீரானது, கடைசி இடத்திலிருந்து நாலாவது இடத்துக்கு முன்னேறினாள். யாராவது "முழுசா ஓட்டிட்டு வரா பாரு" என்று சொல்லும்போதெல்லாம், விட்டுப்போன தையலை மறைத்து மடித்துக் கொடுத்த துணி மாதிரி உள்ளே உறுத்தும். டயருக்குக் காற்று பிடிக்கும் சாக்கில் மாமா பக்கத்தில் வருவார்.

"சொன்னியா?"

"நாளைக்குச் சொல்றேன் மாமா."

"நாளைக்குன்னா இன்னும் எம்பது சேரும் கண்ணு."

இருபத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு, சாலை ஒரு வளைவில் திரும்பியதும் கடல் தெரிந்தது. பேக்கரிக்காரர் போட்ட கூச்சலில் காக்கைகள் பறந்தன. எல்லோரும் மணலில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எட்டு முன்சக்கரங்கள் தண்ணீரில் இறங்கின. கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அழுதார்கள், ஒருவர் ஷூவோடு விழுந்து புரண்டார்.

ஒன்பதாவது சைக்கிள் ஈரமணலுக்கு இந்தப் பக்கம் நின்றது. அலை ஒன்று நீண்டு வந்து சக்கரத்தைத் தொடப் பார்த்தது. ஊசி சைக்கிளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்ன நிக்கிற? வா!" என்றார் கேப்டன்.

"நான் நனைக்கக் கூடாதுக்கா."

"ஏன், ஜலதோஷமா?"

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எடைமேடை, மழை, சீட்டு, தூக்கம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பெரிய ஆச்சரியம், அதில் ஓர் இடத்தில்கூட அவள் "சாரி" சொல்லவில்லை. "அந்தப் பதினோரு கிலோமீட்டர் நான் ஓட்டல. அதனால நான் இன்னும் வந்து சேரல," என்று முடித்தாள்.

கேப்டன் இடுப்பில் கை வைத்து மெதுவாக வேன் பக்கம் திரும்பினார்.

"யோவ். உமக்குத் தெரியுமா இது?"

மாமா வேனின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பதினாலு நாளு! ஒரே தட்டுல சாப்பிட்டுக்கிட்டு, கல்லு மாதிரி வாய மூடிக்கிட்டு! வீட்டுக்கு வாரும், பேசிக்கறேன்." பிறகு ஊசியிடம் திரும்பினார். "நீ ஒரு முட்டாள். மறுநாள் காலையில முக்கா மணி நேர வேல. அத நாடு முழுக்கச் சொமந்துக்கிட்டு வந்திருக்க. சைக்கிள்ல இதவிடப் பெரிய சொம எவனும் ஏத்தினதில்ல."

ஊசி தலை குனிந்தாள். இனி தனியாக ஒருநாள் வந்து ஓட்டிக்கொள்ளலாம், ஆனால் யாரிடமும் நாட்டைக் கடந்தேன் என்று சொல்லக் கூடாது என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டிருந்தாள்.

"சட்டம் என்ன?" கேப்டன் விடவில்லை.

"ஏறின எடத்துலயே... எறங்கணும்."

"அப்புறம் என்ன? ஊருக்குத் திரும்பிப் போறது அதே ரோடுதான். ரெண்டு நாள்ல அந்த எடம் வரும். எறங்கு, ஓட்டு."

"ஆமா, நாங்க மட்டும் வேன்ல உக்காந்து வேடிக்க பாப்பமா?" என்றார் பேக்கரிக்காரர். "எல்லாரும் எறங்குவோம். அது சரி, என் சக்கரம் ஏற்கெனவே நனஞ்சிருச்சே. தொடச்சுட்டா செல்லுமா?" அவர் வேனுக்கு ஓடி, குடிதண்ணீர்க் கேனைக் காலி செய்து, முழங்கால் ஆழத்தில் போய்க் கடலை மொண்டுகொண்டு வந்தார்.

ஊசி ஒதுக்குப்புறமாகப் போய் அண்ணனுக்குப் பேசினாள். "அண்ணா, கடலுக்கு வந்துட்டோம். கோட்ட முடிச்சுடாத." காரணத்தையும் சொன்னாள். அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பதில் வந்தது.

"கட முழுக்க ஆளு. எல்லார் முன்னாடியும் போட்டுக் கேட்டுட்டேன், என்ன பண்றது. ஏழாம் நாள் கோட்டுல கட்டவிரல வச்சு ஒரு துளி அழிச்சுருக்கேன். கடைசிக் கோடும் போடல. அம்மா உன்ன மொதல்ல போயி ஓட்டிட்டு வந்து அப்புறம் பேசச் சொல்றாங்க."

திரும்பும் வழியில், மூன்றாம் நாள் காலை, மஞ்சள் தகரக் கூரைக்கு முன்னால் பள்ளிக்கூட வேன் நின்றது. ஒன்பது சைக்கிள்கள் இறங்கின. மழை இல்லை. ஆனால் காற்று, "எங்கே வர்றே பார்க்கலாம்" என்பதுபோல் நெஞ்சுக்கு நேராக அடித்தது.

"இன்னிக்கு யாரும் இவள முந்தக் கூடாது," என்றார் கேப்டன்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஊசிக்கு முன்னால் முதுகு எதுவும் இல்லை, வெறும் சாலைதான். இதுவரை முன்னால் போனவர்கள் உடைத்துக் கொடுத்த காற்று என்ன கனம் என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் வளைவிலேயே தொடை எரிந்தது. இரண்டாவதில் சைக்கிள் தள்ளாடி, ஓர் அடி பக்கவாட்டில் போனது. கால் தரையைத் தேடியது. பூட்டை இழுத்துப் பார்க்க மேலே ஏறும் அதே கால், இறங்கிவிடு, பாதுகாப்பாக இறங்கிவிடு என்றது.

"ஊசி! கோர்த்துட்ட, இழுத்துடு!" பின்னாலிருந்து பேக்கரிக்காரர் மூச்சு வாங்கக் கத்தினார்.

இழுத்தாள். எழுந்து நின்று, உடம்பு மொத்தத்தையும் மிதியில் போட்டு மிதித்தாள். மூன்றாவது வளைவு மெல்ல, தயங்கித் தயங்கி, அவளுக்குக் கீழே போனது. உச்சியில் திரும்பிப் பார்த்தாள். எட்டுப் பேரும் வரிசை கலையாமல், அவள் சக்கரத் தடத்திலேயே ஏறிவந்துகொண்டிருந்தார்கள். கேப்டனின் முகம் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்திருந்தது.

"என்னடி இந்த மிதி மிதிக்கிற? கெழவிய கொன்னுடுவ போலிருக்கே!"

மிச்சம் ஆறு கிலோமீட்டர். அதை அவள் ஓட்டினாள் என்பதைவிட, அது அவளைத் தூக்கிக்கொண்டு போனது என்பதே சரி.

விடுதி வாசலில் மாமா முன்பே வந்து காத்திருந்தார். துணி ஊறவைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றை விடுதிச் சலவைக்காரப் பெண்ணிடம் இரவல் வாங்கி, கேனில் இருந்த கடலை அதில் ஊற்றி வைத்திருந்தார். ஊசி நேராக வந்து முன்சக்கரத்தை அதற்குள் இறக்கினாள். உப்புத் தண்ணீர் சிதறிக் கேப்டன் முகத்தில் தெறித்தது. எட்டுப் பேரும் போட்ட கூச்சலில் விடுதியின் எல்லா ஜன்னலும் திறந்தன.

சலவைக்காரப் பெண் ஈரத் துணியோடு வெளியே வந்தாள். "என்ன விசேஷம்? எவ்ளோ தூரம் ஓட்டினீங்க?"

"பதினோரு கிலோமீட்டர்," என்றாள் ஊசி.

அந்தப் பெண் ஒன்பது பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். "பதினொண்ணு? இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

"ஆமாம்மா, இதுக்குத்தான்!" என்று கேப்டன் முகத்தைத் துடைக்காமலே சொன்னார்.

ஊசி போனை எடுத்தாள்.

"அண்ணா, சோப்ப எடு. இப்பப் போடு கோட்ட."