மாலை போட்ட கார்

இப்போதெல்லாம் ரகசியம் என்றால் நாலு பேருக்குச் சொல்லிவிட்டு, ஐந்தாவது ஆளிடம் "யாருக்கும் சொல்லாதே" என்பதுதான். வாயைக் கட்டத் தெரிந்த ஒருத்தனும் கிடையாது. ஆண்டியப்பன் இப்படி முனகிக்கொண்டே காரின் நம்பர் தகட்டில் சேற்றை அள்ளி அப்பினார்.

கார் ஹட்டன் டவுனிலிருந்து வந்தது; நம்பரை வைத்தே யார் கார் என்று விசாரித்துவிடலாம். அதில் வந்தவர் புரக்டர் செல்வரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், தொழிற்சங்கத்துக்காக வழக்குப் பேசுகிறவர். தேயிலைக் கொழுந்து மலையில், வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை பிடித்துத் தள்ளியதில், கொழுந்து பறிக்கும் அழகம்மாவுக்குக் கை முறிந்திருந்தது. அவளாகத்தான் வழுக்கி விழுந்தாள் என்று தோட்டத்தில் சாதித்தார்கள். கண்ணால் கண்டவள் ஒருத்திதான், ஆண்டியப்பனின் மகள் பூரணி. அவள் வாயால் கேட்கவே புரக்டர் வந்திருக்கிறார். வழக்குக்கு முன்னால் அவள் பேர் கணக்கப்பிள்ளை காதில் விழுந்தால், மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே வேலையைவிட்டு நிறுத்தும் பத்துச்சீட்டு கைக்கு வந்துவிடும். வேலை போனால், தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போகும். குடும்பமே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நிற்கவேண்டியதுதான்.

அதனால்தான் காரை மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், ரோட்டுக்குத் தெரியாத மரத்தடியில் நிறுத்தச் சொன்னார். கோயிலுக்கு மேலே பிள்ளைக்காம்பரா. வேலை நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்த அறை சாயங்காலமானால் வெறிச்சோடிக் கிடக்கும். பூரணியைக் கம்பளியால் முக்காடு போட்டு, விறகுக்குப் போகிறவள்போலக் குறுக்குப் பாதையில் அங்கே அனுப்பியிருந்தார்.

"பெரியவரே, அடுப்படி மாதிரி பூசி மெழுகுறீங்களே," என்றான் டிரைவர் சின்னராசா. "நேத்துத்தான் பாலிஷ் போட்டேன்."

"பாலிஷ் போட்ட மூஞ்சியத்தான் ஊரே திரும்பிப் பாக்கும். கதவப் பூட்டுனியா?"

"பூட்டிட்டேங்க."

ஆண்டியப்பன் நாலு கதவையும் இழுத்துப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது. அப்படியும் மனம் ஆறவில்லை. படித்தவன் கையில் பேனா சும்மா கிடக்குமா? மகள் பேரை எழுதிவிட்டால்?

"இங்கனயே நில்லு. எவன் வந்தாலும் வாயத் தொறக்காத," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

நினைத்தபடியே, பிள்ளைக்காம்பராவில் பூரணி சொல்லச் சொல்லப் புரக்டர் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"ஐயா, பேரப் போடாதீங்க."

"பேர் எழுதேல்லை அப்பு. 'ஒரு பெண்' எண்டுதான் எழுதியிருக்கிறன்."

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்கிற தைரியத்துல சொல்றீங்களா?"

"அப்பா, சும்மா இருங்களேன்," என்று பூரணி பல்லைக் கடித்தாள். அப்போது கீழே கோயில் மணி கணகணவென்று அடித்தது.

ஆண்டியப்பன் இறங்கி ஓடினார். கோயிலடியில் பளபளவென்று ஒரு கார் நின்றால் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: புதுக் கார், பூசைக்கு வந்திருக்கிறது. பூசாரி வீரய்யா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சேற்றைக் கழுவி, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார். முன்னால் செவ்வந்தி மாலை. நம்பர் தகடு கண்ணாடிபோல மின்னியது. கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் கைகூப்பி நின்றார்கள். சின்னராசாவும் நின்றான்.

"ஏண்டா, என்னடா இது?"

"வாயத் தொறக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க?"

திட்டுவதற்குள் கணக்கப்பிள்ளை வந்துவிட்டான். மணிச்சத்தம் இழுத்துவந்திருந்தது.

"யாரு காரு?"

"புதுக் காருங்க. ஆத்தாகிட்ட வந்திருக்கு," என்றார் வீரய்யா. அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

கணக்கப்பிள்ளையின் கண் ஆண்டியப்பன்மேல் நின்றது. "திருவிழாவுக்கே எட்டிப் பாக்காத ஆளு. ஒனக்கு என்னா வேல இங்க?"

மேலே பார்க்கக் கூடாது, பார்த்தால் அவனும் பார்ப்பான். "கும்பிட வந்தேன்," என்று சொல்லி, கிழவர் காருக்கு முன்னால் ஈரத்தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"மாமா, சாமி அந்தப் பக்கம்!" என்றாள் ஒருத்தி. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கணக்கப்பிள்ளைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்தவர் நெற்றியில் வீரய்யா குங்குமத்தை அப்பினார். கணக்கப்பிள்ளையும் காரின் முன்னால் குனிந்து கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டு இறங்கிப் போனான். கூட்டமும் கலைந்தது.

பூரணி வந்த பாதையிலேயே போய்ச் சேர்ந்தாள். புரக்டர் இறங்கி வந்து மாலையைப் பார்த்துத் திகைத்தார். "ஆர் பார்த்த வேலை இது?"

"ஆத்தா பாத்த வேலைங்க. கணக்கப்பிள்ளையே குனிஞ்சு கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. அவதான் நம்மளக் காப்பாத்துனா," என்றான் சின்னராசா.

"காப்பாத்துனாளா? நம்பரக் கழுவிக் காட்டுனது யாரு? அவ பூசாரிதானே?" என்றார் ஆண்டியப்பன்.

"அவன் சந்தேகப்படேல்லை அப்பு. கும்பிட்டுட்டெல்லோ போனவன்," என்றார் புரக்டர்.

"குனிஞ்சான், நானும் பாத்தேன். சாமிக்குக் குனிஞ்சானா, நம்பரப் படிக்கக் குனிஞ்சானா?"

ஆண்டியப்பன் ஒரு கை சேற்றை அள்ளி, சந்தனத்தின் மேலேயே மறுபடியும் அப்பினார். பிறகு திரும்பிப் பாராமல் லயத்துப் பக்கம் நடந்தார். நெற்றிக் குங்குமத்தை மட்டும் துடைக்கவில்லை. கணக்கப்பிள்ளை வழியில் எங்காவது நின்றாலும் நிற்பான்.