லீவே எடுக்காத மழைப் பதிவாளர்

அழைப்பு மணி விடாமல் அலறியது. எழுத்தாளர் பதறி எழுந்ததில் மடியிலிருந்த அச்சுப்படி தரையெங்கும் சிதறியது. அந்த மணியை யாரும் அமுக்கி நாலு மாதமாகியிருந்தது.

வாசலில் டீச்சர். வானிலை நிலையத்தில் மழை அளந்து குறித்த பதிவாளரின் மகள். அப்பாவைப் பற்றி எழுத்தாளர் தபாலில் அனுப்பிய அத்தியாயத்தைப் படித்துவிட்டு, கூடவே வந்த சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வந்திருந்தார். மாலைக்குள் அது பதிப்பகத்துக்குப் போகாவிட்டால் அத்தியாயம் போச்சு. மூன்று வருட உழைப்பு.

“பெல்லு ஒட்டிக்கிச்சு சார்” என்று விரலை உதறிக்கொண்டே வந்தவர், இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். எழுத்தாளர் புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

“மழை, காத்து எல்லாம் அச்சு அசலா இருக்கு. ஆனா குடும்பத்தை ஊர்ல விட்டுட்டு அப்பா இங்க தனியா இருந்தார்னு எப்படி எழுதினீங்க?”

“பதினோரு வருஷப் பதிவேட்டைப் புரட்டினேன்மா. ஒரு நாள்கூட லீவு இல்ல. வீட்டுல ஆள் இருக்கறவர் அப்படி இருப்பாரா?”

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஒரே வீட்டுல எட்டுப் பேரு சார்! அப்பா, அம்மா, ரெண்டு அத்தை, நாங்க நாலு பொண்ணுங்க. லீவு போட்டா எங்க சண்டைக்குப் பஞ்சாயத்து பண்ணணும். அதான் மழைமானிகிட்ட ஓடிடுவாரு. அங்கதான் யாரும் பேச மாட்டாங்கன்னு அம்மா திட்டுவாங்க!”

எழுத்தாளர் முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை பதிவேட்டையும் கரைத்துக் குடித்தவருக்கு, மகளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே!

“அதை மாத்திடலாம், விடுங்க.” டீச்சர் ஒரு பக்கத்தை எடுத்தார். குரல் இறங்கியிருந்தது. “இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிச்சேன். சாயங்காலம் கதவைத் திறந்ததும், காலி வீட்டைப் பார்த்து ‘வந்துட்டேன்’னு சொல்வாராம். பதில் வராதுன்னு தெரிஞ்சும் செருப்போட கொஞ்ச நேரம் நிப்பாராம். நாங்க ஊருக்குப் போயிருந்தப்போ அப்படி நின்னாரோ, அப்பாவைப் பத்தி எனக்குத் தெரியாதது ஏதோ இருக்குபோலன்னு ராத்திரியெல்லாம் அழுதேன். இதை யார் சொன்னாங்க? அதை மட்டும் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்.”

டீச்சர் கையில் பேனா ஏற்கெனவே மூடி திறந்து தயாராக இருந்தது. கூட வேலை பார்த்தவர் சொன்னார் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எழுத்தாளர் அதை விழுங்கினார். கை நீட்டி டீச்சரிடமிருந்து சம்மதக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“யாரும் சொல்லலம்மா. அது இந்த வீட்டுல தினமும் நடக்கறது.”