ஏழு கறுப்புப் பொத்தான்கள்

மதியம் இரண்டு மணிக்கு மாஸ்டரம்மா மூச்சிரைக்க ஓடி வந்து தன் தையல் கடைக்குள் நுழைந்தாள். பின்னாலேயே நாத்தனார், தலையிலிருந்த ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. நாத்தனார் பதினொரு வருடம் வேலை பார்த்த துணிக் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். மெஷின்களை விற்கிறார்கள். ஆனால் நோட்டு வேண்டாம் என்று கையை விரித்துவிட்டார் மேனேஜர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. காலையில் ஒரு முழுச் சோப்பு கிடைத்த நோட்டுக்குச் சாயங்காலம் அரைச் சோப்பு கிடைப்பதே பெரும்பாடாக இருந்த நேரம் அது. தங்கம் கொண்டுவந்தால் மெஷின். நாலு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மிச்சமிருப்பதையெல்லாம் ஒரு வியாபாரி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

காலை ஒன்பது மணியிலிருந்து மல்லுக்கட்டி மாஸ்டரம்மா பேரத்தைப் படியவைத்திருந்தாள். ஏழு தங்கக் காசு. அதற்கு இரண்டு மெஷின், ஒரு பெட்டி நூல்கண்டு. மெஷின்களில் ஒன்று நாத்தனார் பதினொரு வருடமும் உட்கார்ந்து தைத்த பதினாலாம் நம்பர் மெஷின். அது கிடைத்தால் நாத்தனாருக்கு வேலை உண்டு, கடைக்கு உயிர் உண்டு. நோட்டு எக்கேடு கெட்டுப் போனாலும் ஊரில் கிழிந்த துணிக்குப் பஞ்சம் வராது. தைத்துக் கொடுத்து அரிசியோ எண்ணெயோ வாங்கிக்கொள்ளலாம்.

"காசு எங்க இருக்கு அண்ணி? பீரோவுலயா?"

"பீரோவுல வச்சா உங்கண்ணன் கண்ணுல படாதா? பேசாம வா."

மாஸ்டரை அந்தத் தெருவில் 'ரேடியோ' என்றுதான் சொல்வார்கள். நல்ல மனிதர், கெட்டிக்காரத் தையல்காரர், வாய் மட்டும் பூட்டே இல்லாத கதவு. முன்பு ஒருமுறை, மனைவியிடம் தங்கச் சங்கிலி இருக்கிற விஷயத்தை டீக்கடையில் பெருமையாகச் சொல்லிவிட்டார். அடுத்த வாரத்துக்குள் ஐந்து சொந்தக்காரர்கள் 'அவசரம்' என்று வந்து நின்றார்கள். ஐந்தில் இரண்டு பேரை மாஸ்டரம்மா அதற்கு முன் பார்த்ததே கிடையாது. அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தாள். சங்கிலியை நகைக்கடையில் கொடுத்து ஏழு காசாக மாற்றினாள். ஒவ்வொரு காசையும் கறுப்புத் துணியால் மூடிப் பொத்தானாக்கினாள். கடையில் வாங்குவாரின்றித் தொங்கிய நீளக் கோட்டு ஒன்றில் ஏழையும் தைத்துவிட்டாள். ஒரு வித்தைக்காரர் மேடைக்கென்று தைக்கக் கொடுத்துவிட்டு மூன்று வருடமாக எட்டிப் பார்க்காத கோட்டு அது. இனி எங்கே வரப்போகிறார்?

துணி மாற்றிப் பார்க்கும் மூலையில்தான் அந்தக் கோட்டு தொங்கும். மாஸ்டரம்மா திரையை வெடுக்கென்று இழுத்தாள். திரையின் அடிப்பகுதி வழக்கம்போல அவள் கணுக்காலில் ணங்கென்று இடித்தது. "பாழாப்போன திரை!" என்று ஓர் உதை விட்டுவிட்டு உள்ளே பார்த்தாள்.

ஆணி மட்டும் இருந்தது.

"ஏங்க! இங்க தொங்குன கோட்டு எங்க?"

வெட்டு மேஜைக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் முகமெல்லாம் பல்லாக எழுந்தார். "வித்தைக்காரர் வந்துட்டாரும்மா! மூணு வருஷம் கழிச்சு! வேற ஊர்ல நாடகக் கம்பெனில வேலை கிடைச்சிருக்காம். போட்டுப் பாத்தாரு, நேத்து அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துச்சு. கூலிக்கு என்ன குடுத்தாரு தெரியுமா?"

மேஜைக்கடியிலிருந்து ஒரு வெள்ளை முயல், வெட்டுத் துண்டு ஒன்றை மென்றுகொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தது.

மாஸ்டரம்மா வாசலுக்குத் திரும்பிவிட்டாள். "எப்பப் போனாரு?"

"இப்பத்தான். ரெண்டரை மணி பஸ்ஸுக்கு…"

மீதியைக் கேட்க அவள் அங்கே இல்லை.

நாத்தனார் ஸ்கூட்டரை ஓட்டிய ஓட்டத்தில் தெருநாய்கள்கூட நமக்கேன் வம்பு என்று ஒதுங்கின. பின்னால் உட்கார்ந்து மாஸ்டரம்மா எல்லாவற்றையும் அவள் காதில் கொட்டினாள்.

"கோட்டுலயா? தொங்கவிட்டுட்டா வச்சிருந்தே?" நாத்தனாருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "துப்பட்டாவை இழுத்துப் பிடி அண்ணி, சக்கரத்துல சிக்கிரப் போகுது."

"அதெல்லாம் இப்ப பறக்குறதில்ல. நீ ரோட்டைப் பாரு!"

மாஸ்டரம்மாவுக்குச் சங்கிலியின் ஞாபகமே ஓடியது. கல்யாணத்துக்கு அப்பா போட்ட சங்கிலி. எத்தனை முடை வந்தபோதும் தொடாமல் வைத்திருந்தாள். இன்றைக்கென்றே காத்திருந்த மாதிரி இன்றைக்கே கைவிட்டுப் போக வேண்டுமா?

பஸ் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் கறுப்புக் கோட்டில் ராஜா மாதிரி வித்தைக்காரர் உட்கார்ந்திருந்தார். மாஸ்டரம்மா ஏறிய வேகத்தில் கண்டக்டர் டிக்கெட் கேட்க மறந்துபோனார்.

"சார், பொத்தான் மாறிப்போச்சு. இது வேற கோட்டோடது. ஒரே நிமிஷம், மாத்திக் குடுத்துடறேன்!"

அவர் சரி என்பதற்குள் கழுத்தில் தொங்கிய குட்டிக் கத்தரிக்கோல் மேலிருந்த மூன்று பொத்தான்களை நறுக்கிவிட்டது. கையில் வாங்கினாள். இறகு மாதிரி இருந்தது. ஒன்றின் துணியைக் கிழித்தாள். உள்ளே வெறும் பிளாஸ்டிக். மற்ற இரண்டும் அதேதான். கீழே இருந்த நான்கையும் தடவிப் பார்த்தாள். அவையும் காற்று மாதிரிதான்.

"எங்க? உள்ள இருந்தது எங்க?" அவள் குரல் பஸ் முழுக்கக் கேட்டது. "கையில இருக்குற காசை மறைக்கிறதுதானே உங்க தொழில்! என்கிட்டயே காட்டிட்டீங்களே உங்க வித்தையை!"

வித்தைக்காரரின் மீசை துடித்தது. "நான் மேடையில மறைச்ச காசைத் திருப்பிக் குடுக்காம இறங்கினதே இல்லம்மா!" என்று தன் பெட்டியை அப்படியே மடியில் கவிழ்த்தார். கைக்குட்டைகள், சீட்டுக்கட்டு, கயிறு, தொப்பி, இன்னொரு முயல். தங்கத்தின் வாசனைகூட இல்லை. பஸ் முழுக்க எழுந்து நின்று பார்த்தது.

"தையலைப் பாருங்க," என்றார் அவர், கோட்டின் முன்பக்கத்தைத் தூக்கிக் காட்டி. "இது நான் தைக்கிற தையலா?"

பார்த்தாள். பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே நூலைச் சுற்றிக் கழுத்து கட்டியிருந்தது. அவள் எப்போதும் வலப்பக்கமாகச் சுற்றுவாள். இது இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. இடதுகைக்காரன் கட்டிய கழுத்து. ஊரில் அவளுக்குத் தெரிந்த இடதுகைத் தையல்காரர் ஒரே ஒருவர்தான். இருபது வருடமாக அவருக்குத்தான் சோறு போடுகிறாள்.

"தப்புதான் சார், மன்னிச்சிடுங்க," என்றாள், முகம் சிவந்து.

அப்போதே இறங்கி ஓடியிருக்கலாம். ஆனால் திறந்து கிடக்கிற கோட்டைப் பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. தோளில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள். பிளாஸ்டிக்குகளுக்குத் திரும்பத் துணி போர்த்தி மூன்றையும் தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். அதற்குள் கண்டக்டர் விசிலை ஊதி ஊதி ஓய்ந்துபோனார். கீழே நாத்தனார் கடிகாரத்தைக் காட்டிக் காட்டிக் குதித்தாள்.

கடைக்குத் திரும்பும்போது மணி மூன்றேகால்.

"கோட்டுப் பொத்தானை யாரு மாத்துனது?"

மாஸ்டர் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது. திருடிச் சாப்பிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி முயலைத் தடவினார். "மழைக்காலத்துலயே மாத்திட்டேன். நீ வச்சதெல்லாம் ஒரே கனம்மா. முன்பக்கம் பூரா இழுத்துக்கிட்டுத் தொங்கிச்சு. உள்ள நீ ஏதோ இரும்பு வாஷரை வச்சு மூடியிருக்கேன்னு நினைச்சேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல? ஊர்ல உள்ள அத்தனையும் சொல்றீங்களே!"

"உன் வேலையில குறை சொன்னா நீ மூணு நாள் முகம் குடுத்துப் பேசமாட்டியே. உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான் யார்கிட்டயும் மூச்சு விடல."

அந்த மனிதர் வாழ்நாளில் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான். மாஸ்டரம்மாவுக்குத் தலையில் அடித்துக்கொள்வதா, அவரைக் கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

"அது தங்கங்க," என்றாள். "என் சங்கிலி."

மாஸ்டர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தெரியக்கூடாதுன்னு வச்சியா?"

மனிதர் நொந்துபோனது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்: "சொல்லியிருந்தா டீக்கடைல சொல்லியிருப்பேன்தான்."

"அண்ணே, அழுகையெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்!" நாத்தனார் கத்தினாள். "அந்தப் பொத்தானைத் தூக்கிப் போட்டியா?"

"தூக்கிப் போடறதா? நானா? ஒரு கொக்கியைத் தூக்கிப் போட்டிருக்கேனா இதுவரைக்கும்?" மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து துணி மாற்றும் மூலையைக் காட்டினார். "ஃபேன் போட்டா திரை பறக்குது, மானம் போகுதுன்னு ஒரு அம்மா சண்டை போட்டாங்களே. கனத்துக்கு இருக்கட்டும்னு அடி மடிப்புல வச்சுத் தச்சுட்டேன்."

மாஸ்டரம்மா தன் கணுக்காலைப் பார்த்தாள். ஆறு மாதமாகத் தினமும் பத்துத் தடவை அவளை இடித்தது அவளுடைய தங்கமேதான். உதைத்தும் இருக்கிறாள்.

பிரிக்க நேரமில்லை. கம்பியோடு திரையைப் பிடுங்கிக் கம்பியை உருவி எறிந்தார்கள். ஸ்கூட்டர் பறந்தது. பின்னால் உட்கார்ந்து மாஸ்டரம்மா மடியில் திரையைக் குவித்துக்கொண்டு தையலைப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு பொத்தானாக வந்தது. துணியைக் கீறினால் உள்ளே மஞ்சள். ஒன்று, இரண்டு என்று அவள் சத்தம் போட்டு எண்ண, நாத்தனார் ஒவ்வொன்றுக்கும் ஹாரன் அடித்தாள்.

ஆறோடு திரை முடிந்துவிட்டது.

கேட்டருகே மேனேஜர் பூட்டும் கையுமாக நின்றார். வியாபாரியின் லாரி வந்து காத்திருந்தது. "ஏழுன்னுதானே பேச்சு? ஆறுன்னா ஒரு மெஷின்தான். அந்தப் பதினாலாம் நம்பரை அவர் கேட்டுட்டு நிக்கிறாரு."

நாத்தனார் பதினாலாம் நம்பர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். காலையிலிருந்து துள்ளிக் குதித்த பெண், அந்த ஒரு சொல்லில் அப்படியே ஒடுங்கிப்போனாள். மாஸ்டரம்மா போனை எடுத்தாள். மணி நாலாக ஐந்து நிமிடம்.

"ஏங்க, ஏழாவது எங்க?"

மறுமுனையில் ரேடியோ ஓய்ந்து கிடந்தது.

"சொல்லுங்க!"

"கோச்சுக்கமாட்டியே?" என்றார் மாஸ்டர். "அவ ஸ்கூட்டரை ஓட்டுற லட்சணம் உனக்கே தெரியும். உன் துப்பட்டா சக்கரத்துல மாட்டிக்குமோன்னு எனக்குத் தினமும் பக்குபக்குன்னு இருக்கும். அதான் முனை மடிப்புல ஒண்ணை வச்சுத் தச்சேன்."

மாஸ்டரம்மா துப்பட்டாவின் முனையைப் பிடித்தாள். விரலுக்கடியில் வட்டமாக, கெட்டியாக இருந்தது. மதியத்திலிருந்து அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் ஊரெல்லாம் தேடியிருக்கிறாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது, கத்தரிக்கோல் வைக்க இடம் தெரியவில்லை. நாத்தனார்தான் வெட்டிக் கொடுத்தாள்.

மேனேஜர் ஏழையும் கல்லில் உரசிப் பார்த்துத் தலையாட்டினார். நாத்தனார் ஓடிப்போய்ப் பதினாலாம் நம்பரைக் கட்டிக்கொண்டாள்.

மெஷின்கள் லோடு ஆட்டோவில் முன்னால் போயின. அவற்றைத் தொடர்ந்து இவர்கள் தெருமுனைக்கு வரும்போதே டீக்கடைக் கூட்டம் மொத்தமும் வாசலில் கூடி நின்றது. மாஸ்டர் நடுவில் நின்று, கையை ஆட்டி ஆட்டி, திரையில் ஆரம்பித்துத் துப்பட்டா வரை ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாரு, ஆரம்பிச்சாச்சு உங்கண்ணன்," என்றாள் மாஸ்டரம்மா. "சொல்லட்டும். இனிமே கேட்டு வர்றவங்களுக்கு மெஷினையா தூக்கிக் குடுக்கப் போறோம்?"

காற்றில் அவள் துப்பட்டா படபடவென்று பறந்தது. இறங்கியதும் முதல் வேலையாகப் பதினாலாம் நம்பரிலிருந்து நூல் சுற்றும் ஓர் இரும்பு பாபினைக் கழற்றினாள். அதையும் துப்பட்டாவையும் கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோய்ப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"இதை வச்சுத் தச்சுக் குடுங்க," என்றாள். "உங்க இடதுகைத் தையல்தான் வேணும்."