ஊற்றுத் தண்ணீர்க் கூழ்

சாந்தி அந்தச் சின்ன பாட்டிலில் கோடு வரைக்கும் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து, மூடியை இறுக்கிக் குலுக்கினாள். உள்ளே இருந்த மருந்து கரைந்து தண்ணீர் இளம் பழுப்பாயிற்று. கறுத்தால் ஆபத்து. கறுக்காவிட்டால் நாளைக்கு அம்மனுக்குக் கூழ்.

முந்தின நாள் மழையில் மேற்கே இருந்த மாட்டுப் பண்ணையின் சாணிக்குழி உடைத்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் குப்பத்து ஓடை டீ நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு ஏரியில் போய் விழுந்துகொண்டிருந்தது. குழாய் மோட்டார் எரிந்துபோனதிலிருந்து ஓடைக்கரை மணலில் தோண்டிய ஊற்றுதான் ஊருக்குக் குடிதண்ணீர். ஊற்று என்னவோ கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது. அதுதான் சாந்திக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. மகளிர் குழு சார்பில் மீஞ்சூருக்குப் பயிற்சிக்குப் போனபோது, தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். கிருமி இருந்தால் கறுத்துக் காட்டும் இந்தப் பாட்டிலையும் அங்கேதான் கொடுத்தார்கள்.

கோயில் பொறுப்பு தருமனுடையது. சாந்திக்கு மாமனார் முறை.

"இன்னாம்மே, மீஞ்சூர் போய்ட்டு வந்து டாக்டராயிட்டியா? மணலே வடிகட்டிக் குடுக்குது. அதுக்கு மேல உன் பாட்டிலு இன்னா கிழிக்கும்?"

"காய்ச்சறதோட போச்சுனா நான் வாயே தொறக்க மாட்டேன் மாமா. மறுநாளு பச்சத் தண்ணி ஊத்தித்தானே கரைக்கிறோம்? முதல்ல குடிக்கிறது புள்ளைங்கதானே?"

தருமன் மீசையைத் தடவினார். "சரி, நாளைக்கு உச்சி வரைக்கும் பாரு. கறுத்தா தண்ணி லாரி சொல்லிக்கலாம். கறுக்கலன்னா ஊத்துத் தண்ணிதான். அப்புறம் பேசக் கூடாது."

பாட்டில் அடுப்படி அலமாரியில் ஏறியது. சாந்தி போகும்போதும் வரும்போதும் பார்த்தாள். நிறம் மாறவில்லை. சாயங்காலம் கூழ் காய்ச்சக் கோயிலுக்குக் கிளம்பும்போது கணவன் தனசேகரிடம் சொன்னாள்: "பாட்டிலு பத்திரம்யா. அதுக்கு ஒண்ணு ஆச்சுனா ஊரே என்னைக் காறித் துப்பும்."

மறுநாள் உச்சி வேளை. தனசேகர் பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கோயிலுக்கு வந்தான்.

"கறுக்கல! எல்லாரும் பாத்துக்கோங்க!"

பெண்கள் குலவையிட்டார்கள். தருமன் கையசைத்ததும் ஊற்றுத் தண்ணீர்க் குடங்கள் அண்டாவில் சாய்ந்தன. மோரும் வெங்காயமும் விழுந்தன. வரிசையில் முதல் ஆளாகத் தூக்குவாளியோடு நின்றது சாந்தியின் மகள் தேவதர்ஷினி.

சாந்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, தாயே! கை நீட்டிப் பாட்டிலை வாங்கினாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"யோவ், இன்னாயா இது? சில்லுனு கீது?"

"ஐஸ் பொட்டில வச்சிருந்தேன். புழுக்கத்துல கெட்டுப் போச்சுனா? நண்டு மேல கூட வைக்கல, தனியா வச்சேன்." பெருமையாகச் சொன்னான்.

"எப்போ வச்சே?"

"நீ பத்திரம்னு சொல்லிட்டு அப்பால திரும்புனதுமே."

வலைக்காரன் வீட்டில் பத்திரம் என்றால் ஐஸ். அவனை என்னவென்று திட்டுவது? ஆனால் ஐஸில் மீன் மட்டுமா கெடாமல் இருக்கும்? கிருமியும் வளராமல் கிடக்கும். கிருமி வளர்ந்தால்தானே பாட்டில் கறுக்கும்!

தருமன் அகப்பையைத் தூக்கிவிட்டார். சாந்தி பாய்ந்து மகளின் தூக்குவாளியைப் பிடுங்கினாள்.

"யாரும் குடிக்காதீங்க!"

பறை நின்றது. அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரைச்சல் கிளம்பிவிட்டது. கூழ் காய்ச்சின முனியம்மாதான் முதலில் பிடித்துக்கொண்டாள். "நேத்தெல்லாம் அந்தத் தண்ணியத்தானே குடிச்சோம்? செத்தா போய்ட்டோம்? அம்மன் கூழ மறிச்சவ நல்லா இருப்பாளாடி?"

"கொட்டச் சொல்றியா?" தருமன் சீறினார்.

"கொட்ட வேணாம் மாமா. பொழுது சாயற வரைக்கும் மூடி வைங்க. சூடு பட்டா பாட்டிலே சொல்லும்."

பாட்டிலைத் துணியில் சுற்றி வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கோயில் எதிரே வெயிலில் உட்கார்ந்தாள். உடம்புச் சூடு போதும் என்று பயிற்சியில் சொன்ன ஞாபகம். கறுக்காமல் போனால்? இந்த ஊரில் அப்புறம் எந்த முகத்தோடு நடப்பது? கறுத்தால்? நேற்றிலிருந்து குடித்த வாய்களை நினைக்கவே பயமாக இருந்தது. அம்மன் முன்னால் உட்கார்ந்துகொண்டு எதை வேண்டிக்கொள்வது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. வெறும் வயிற்றோடு போன பிள்ளைகள் அவளை முறைத்துக்கொண்டே போயின. பக்கத்தில் வந்து உட்கார்ந்த தனசேகர் மெதுவாகக் கேட்டான்.

"ஐஸ்ல வச்சா கெடாதுனுதானே..."

"கெட்டதா இல்லியானு தெரியத்தான்யா வெளிய வைக்கிறது."

ஏரிமேல் வெயில் மஞ்சளாகச் சாய்ந்தபோது அவள் முடிச்சை அவிழ்த்தாள்.

பாட்டில் மை மாதிரி கறுத்திருந்தது.

தருமன் வாங்கிப் பார்த்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "குழி வெட்டுங்கடா" என்றார். அண்டாவைச் சாய்க்க அவரே முதலில் கை கொடுத்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முனியம்மா வந்தாள். மதியம் சபித்த வாய் கோணிக்கொண்டிருந்தது.

"சாந்தி... என் புள்ள பூவரசன் நேத்து பந்தாடிட்டு வந்து ரெண்டு சொம்பு குடிச்சான்டி."

"வாந்தி, கீந்தி?"

"காலையிலருந்து எழுந்திருக்கல. வெயிலுனு நெனச்சேன்."

சாந்தி ஓடத் தொடங்கினாள். அவள் பின்னால் தனசேகர் வண்டியை உதைக்கும் சத்தம் கேட்டது.