ரூபீனாவின் எஃப்-9

தி. நகரில், பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி. ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தோம். 1997இல் அதற்கு நல்ல கிராக்கி. ஒவ்வொரு புரோகிராமுக்கும், அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் புரோகிராமும் எழுதவேண்டும் என்பது மேனேஜர் பத்ரிநாராயணன் போட்ட சட்டம். அந்த டெஸ்ட் ஃபைல்கள் வேறொரு டைரக்டரியில் கிடக்கும். திறக்க ஒவ்வொரு தடவையும் நீளமாகப் பெயரைத் தட்டவேண்டும். யாருக்குப் பொறுமை? எனக்குச் சுத்தமாக இல்லை.

என் பக்கத்து சீட் ரூபீனா புதுசு. அவளை நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று பத்ரி அந்த வெள்ளிக்கிழமை சொல்வதாக இருந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் இந்த மகராசி உட்கார்ந்து, நாங்கள் புரோகிராம் தட்டும் எடிட்டருக்கு ஒரு மேக்ரோ, அதாவது ஒரு குட்டிக் கட்டளை, எழுதினாள். புரோகிராமைத் திறந்து எஃப்-9 அழுத்தினால், அதற்கு ஜோடியான டெஸ்ட் திரையின் கீழ்ப்பாதியில் வந்து நிற்கும். டெஸ்டே இல்லையென்றால் மெஷின் 'கீங்' என்று கத்தும்.

"சொன்ன வேலைய விட்டுட்டு என்னம்மா விளையாடிண்டிருக்கே?" என்றார் பத்ரி. "வெள்ளிக்கிழமை உன்னைப் பத்தி நான் என்னன்னு எழுதறது?"

ரூபீனாவின் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு வந்த கோபத்தில் மேக்ரோவை ஃப்ளாப்பியில் எடுத்து எல்லா மெஷினிலும் ஏற்றினேன். பத்ரி சாப்பிடப் போன நேரத்தில் அவருடையதிலும்.

இரண்டு நாள் ஆபீஸ் முழுக்க ஒரே கீங் கீங். மானம் போகிறதே என்று ஆளாளுக்கு டெஸ்ட் எழுதினார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்ரியின் அறையிலிருந்தும் ஒரு கீங் வந்தது. பிறகு இன்னொன்று. யாரும் தலை தூக்கவில்லை. தள்ளுபடி போடும் புரோகிராம் அவரே எழுதியது; அதற்கு டெஸ்ட் கிடையாது. வேறு யாரையும் தொட விடமாட்டார்.

கதவைத் திறந்துகொண்டு வந்தார். "ரூபீனா, எஃப்-9 அழுத்தினா கத்தறதே, இந்த சத்தத்தை எப்படி நிறுத்தறது?"

"டெஸ்ட் எழுதினா நின்னுடும் சார்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"போச்சு ஹம்சினி," என்றாள் ரூபீனா. "வீட்ல போய் இன்னா சொல்றது?"

"கேட்டார், சொன்னே. இதுல என்ன தப்பு?" என்று அதட்டினேன்.

சாயங்காலம் பத்ரி கூப்பிட்டார். துணைக்கு நானும் போனேன். திரையில் மேலே புரோகிராம், கீழே அவர் எழுதிய டெஸ்ட்.

"ஃபெயில் ஆறது. டெஸ்ட்ல தப்பா, புரோகிராம்லயா, பாரு."

ரூபீனா குனிந்து படித்தாள்.

"புரோகிராம்லதான் சார். தள்ளுபடிய ரெண்டு தடவை கழிக்குது."

பத்ரி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சரி. திங்கக்கிழமை முதல் வேலையா இதைப் பார்க்கலாம்."

"திங்கக்கிழமை நான் இருப்பேனா சார்?"

"பின்னே? நான் தனியாவா உக்காந்து திருத்தறது?"

ரூபீனா அசையாமல் நின்றாள். அழுதது நான்தான்.